வழிகாட்டுதலா, சாஸ்திரமா?

(காஞ்சிபுரத்தில் நெசவாளத் தோழர்கள் கூட்டிய பொதுக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் நம் மேடைகளுக்குச் சற்றுப் புதிது. கம்ப்யூட்டர்களும் கைப்பேசிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு உலகத்தில் சில பொது விதிகள் இருக்கின்றன. அந்த விதிகளைச் செய்கிறவர்கள் யார்? அப்படிச் செய்கிறவர்களுக்கு, "இப்படிச் செய்தால் மொத்தக் கட்டுமானமும் நிற்கும், அப்படிச் செய்தால் சரியும்" என்று வழிகாட்டுகிறவர்கள் யார்? அந்த வழிகாட்டுதலுக்கு என்ன யோக்கியதை இருக்க வேண்டும்? அதில் நமக்கு என்ன பங்கு? இதுதான் விஷயம்.

"இதெல்லாம் பட்டணத்தில் பெரிய படிப்புப் படித்தவர்கள் பேச வேண்டியது, தறிக்காரனுக்கும் உழவனுக்கும் இது எதற்கு?" என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். தோழர்களே! இந்த "உனக்கு எதற்கு" என்கிற கேள்வி நமக்குப் புதிதா? வேதம் உனக்கு எதற்கு என்றார்கள். படிப்பு உனக்கு எதற்கு என்றார்கள். கோயிலைக் கட்டினாயே, போதாதா, உள்ளே வருவது உனக்கு எதற்கு என்றார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து ஒதுங்கினதினால்தான் நாம் இத்தனை நூற்றாண்டுக் காலம் கெட்டோம். ஆகையால் இந்த விஷயத்திலும் "எனக்கு எதற்கு" என்று நாமாகவே ஒதுங்கிக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

மற்றொரு சங்கதியும் சொல்ல வேண்டும். நம்மவர்கள் ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்கு விபூதி பூசி, குங்குமம் இட்டு, எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். அந்த யந்திரம் எந்த விதியினால் ஓடுகிறது என்று ஒரு நாளாவது கேட்டிருப்பார்களா? பொட்டு வைக்கத் தெரிந்த அளவுக்குக் கேள்வி கேட்கத் தெரியவில்லை. பூஜை செய்கிறவன் ஒரு பொருளுக்கு அடிமையாகிறான். அதன் வேலையை அறிந்தவன்தான் அதற்கு எஜமானாகிறான்.

நிற்க, பொது விதி என்றால் என்ன என்று பார்ப்போம். உங்களுக்கு நான் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். உங்கள் தறியின் மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. பிரான்சு தேசத்தில் 1804ஆம் வருஷ வாக்கில் ஜக்கார்டு என்பவர் செய்து முடித்த யந்திரம் அது. அட்டையில் துளை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும். அதற்குரிய பாவு நூல் மேலே எழும்பும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும், நூல் எழும்பாது. துளை உண்டு, இல்லை என்கிற இரண்டே சொல்லைக் கொண்டு அன்னமும் மயிலும் மாங்காயும் புட்டாவில் வந்து விழுகின்றன. கம்ப்யூட்டரும் இதே "உண்டு, இல்லை" என்கிற இரண்டு சொல்லைக் கொண்டுதான் உலகத்தையெல்லாம் நெய்கிறது. 1890இல் அமெரிக்காவில் ஜனக் கணக்கெடுத்தபோது ஹொலரித் என்பவர் துளையிட்ட அட்டைகளைக் கொண்டுதான் கணக்குப் போட்டார். ஆகவே அந்த யந்திரத்திற்கும் உங்கள் தறிக்கும் பழைய உறவு உண்டு.

இப்பொழுது ஒருவர் குத்திய அட்டை இன்னொருவர் பெட்டியில் ஓட வேண்டுமானால் என்ன வேண்டும்? துளையின் அளவும், துளைக்குத் துளை இடைவெளியும், வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். 240 கொக்கிப் பெட்டிக்குக் குத்திய அட்டை 120 கொக்கிப் பெட்டியில் ஓடுமா? ஓடாது. இந்த ஒத்துக்கொண்ட அளவுக்குத்தான் தர நிர்ணயம் என்று பெயர். காஞ்சிபுரத்தில் தட்டிய எழுத்து கொழும்பிலும் சிங்கப்பூரிலும் அதே எழுத்தாகத் தெரிவதும், இங்கேயிருந்து அனுப்பிய படம் பாரிசுக்குப் போய்ச் சேருவதும் இப்படிப்பட்ட ஒத்துக்கொண்ட விதிகளினால்தானே ஒழிய, சரஸ்வதி கடாட்சத்தினால் அல்ல.

சரி, விதி செய்ய ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கடிதத்திற்கு விதி செய்கிறார், ஒருவர் படத்திற்கு, ஒருவர் பணம் அனுப்புவதற்கு. அவரவர் வேலையை அவரவர் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் சேர்த்துப் பார்த்தால் பொருந்த வேண்டுமே! உங்கள் கோர்வைச் சேலையில் கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா, மறு கரைக்கு ஒரு நாடா ஆக மூன்று நாடா ஓடுகின்றன. கரை நெய்கிறவர் கரையையும் உடல் நெய்கிறவர் உடலையும் மாத்திரம் பார்த்தால் போதுமா? இரண்டும் கோத்துக்கொள்கிற இடத்தை ஒருவர் கவனிக்காவிட்டால், சேலை தறியிலிருக்கும்போது அழகாயிருக்கும். கட்டிய பத்தாம் நாள் கரை தனியே வந்துவிடும். அந்தக் கோர்வை இடத்தைப் பார்த்து, "இங்கே பொருந்தவில்லை, இதற்குக் காரணம் இது" என்று சொல்லுகிற வேலைக்குத்தான் கட்டுமான வழிகாட்டுதல் என்று பெயர். அந்த வேலை மிகவும் அவசியமானது. வழிகாட்டுகிறவனே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வழிகாட்டுகிறவன் எப்பொழுது குருவாகி, குரு எப்பொழுது கடவுளாகிறான் என்பதைக் கண்டுபிடித்துத் தடுக்க வேண்டும் என்பதுதான் என் அபிப்பிராயம்.

இதற்கு உதாரணமாக, உண்மையாக நடந்த ஒரு சரித்திரத்தைச் சொல்லுகிறேன்.

1969 ஏப்ரலில் அமெரிக்காவில் கம்ப்யூட்டர்களைக் கம்பி வழியாக இணைக்க முயன்றபோது, ஸ்டீவ் கிராக்கர் என்கிற ஒரு மாணவர் முதல் குறிப்பை எழுதினார். அந்தக் குறிப்புக்கு அவர் சட்டம் என்றோ கட்டளை என்றோ பெயர் வைக்கவில்லை. "அபிப்பிராயம் கேட்டு எழுதுவது" என்கிற பொருளில் பெயர் வைத்தார். பெரியவர்கள் பலர் இருக்க நாம் அதிகாரமாக எழுதுவதா என்கிற கூச்சத்தினால் அப்படி வைத்தாராம். அந்தப் பெயரே இன்றைக்கும் நிலைத்துவிட்டது. இன்டர்நெட்டின் விதிகள் பல ஆயிரம் குறிப்புகளாக வளர்ந்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் "ஆர்.எஃப்.சி." என்கிற அந்தப் பெயர்தான். உலகத்தையே ஆளும் விதிகள், "உன் அபிப்பிராயம் என்ன?" என்கிற கேள்வியாகப் பெயர் தாங்கி நிற்கின்றன. நம் ஸ்மிருதிகளில் எதற்காவது இப்படி ஒரு பெயர் உண்டா? "கேட்காதே" என்பதுதானே அவற்றின் முதல் வரியும் கடைசி வரியும்!

இந்த விதிகளைச் செய்ய 1986 ஜனவரியில் 21 பேர் கூடி ஆரம்பித்த சபைக்கு இன்டர்நெட் என்ஜினியரிங் டாஸ்க் ஃபோர்ஸ், சுருக்கமாக அய்.இ.டி.எஃப்., என்று பெயர். அதிலே அங்கத்தினர் சந்தா கிடையாது. யாரும் தபாலில் சேர்ந்து அபிப்பிராயம் எழுதலாம். யாரும் ஒரு யோசனையை எழுதி அனுப்பலாம். அங்கே கை தூக்கி எண்ணித் தீர்மானிக்கிற வழக்கமும் இல்லை. கூட்டத்தின் போக்கு எப்படியிருக்கிறது என்று அறிய, சம்மதமானவர்கள் வாயை மூடிக்கொண்டு "ம்ம்" என்று முனகச் சொல்லுவார்கள்! கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் காரணம் பாருங்கள். தலை எண்ணினால் அதிகத் தலையைக் கூட்டிக்கொண்டு வருகிறவன் ஜெயித்துவிடுவான். அங்கே நூறு பேர் சரியென்றாலும், ஒருவர் சொன்ன நியாயமான ஆட்சேபணைக்குப் பதில் சொல்லாமல் மேலே போகக் கூடாது என்பது கொள்கை. எண்ணிக்கையில் சிறியவனுடைய காரணத்துக்கும் மதிப்பு உண்டு என்பது இதன் தத்துவம்.

இந்தச் சபைக்கு வழிகாட்ட ஒரு சிறு குழு உண்டு. இன்டர்நெட் ஆர்க்கிடெக்சர் போர்டு, அதாவது கட்டுமானக் குழு என்று அதற்குப் பெயர். 1992க்கு முன்பு, எந்த விதி செல்லும், எது செல்லாது என்று கடைசியாகச் சொல்லும் அதிகாரம் அந்தக் குழுவிடமே இருந்தது. அதில் இருந்தவர்கள் பெரிய நிபுணர்கள், யோக்கியர்கள், முட்டாள்களல்ல. அப்பொழுது ஒரு நெருக்கடி வந்தது. ஒவ்வொரு யந்திரத்திற்கும் கொடுக்கிற விலாச எண்கள் மொத்தம் சுமார் 430 கோடிதான். அவை தீர்ந்துபோகும் என்று தெரிந்தது. 1992 ஜூனில் ஜப்பானில் கோபே என்கிற நகரில் கூடிய கட்டுமானக் குழுவார், அய்.எஸ்.ஓ. என்கிற சர்வதேச ஸ்தாபனத்தார் செய்துவைத்திருந்த வேறொரு முறையை அடிப்படையாக எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டார்கள். வேலை செய்கிற பொறியாளர்களோடு கலந்து விவாதித்து முடிக்காமலே செய்துவிட்டார்கள்.

என்ன நடந்தது தெரியுமா? ஒரே மாதத்தில், 1992 ஜூலையில், அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் என்கிற ஊரில் சபை கூடியபோது பெரிய கலகமாகிவிட்டது. "முடிவு செய்ய நீங்கள் யார்? எங்களைக் கேட்டீர்களா?" என்று பொறியாளர்கள் எழுந்து கேட்டார்கள். குழுவார் என்ன செய்தார்கள்? "நாங்கள் பெரியவர்கள், எங்கள் வாக்கு தேவ வாக்கு" என்று சொன்னார்களா? முடிவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இன்டர்நெட்டை உண்டாக்கியவர்களில் ஒருவரான வின்ட் செர்ஃப் மேடையிலேயே கோட்டையும் டையையும் சட்டையையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, அய்.பி. முறை எதன் மேலும் ஓடும் என்கிற வாசகம் அச்சிட்ட பனியனோடு நின்று எல்லோரையும் சிரிக்க வைத்தார். அதோடு நிற்கவில்லை. விதியை அங்கீகரிக்கும் அதிகாரமே கட்டுமானக் குழுவினிடமிருந்து எடுக்கப்பட்டு, வேலை நடத்துகிறவர்களின் குழுவுக்குப் போய்விட்டது. கட்டுமானக் குழுவுக்கு மீதியானது யோசனை சொல்லுவது, மொத்தத்தையும் பார்த்து எழுதுவது, அப்பீல் கேட்பது, பிற ஸ்தாபனங்களோடு தொடர்பு வைத்துக்கொள்வது போன்றவை. பிறகு மூன்று வருஷம் பலரும் பல யோசனை எழுதி விவாதித்து, 1995 டிசம்பரில் அய்.பி. ஆறாம் பதிப்பு என்கிற புது முறை எழுதப்பட்டது.

எல்லோரும் கூடிப் பேசினதனால் உடனே சுவர்க்கம் வந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் புது முறைக்கு உலகம் முழுவதும் மாறி முடிக்கவில்லை. முப்பது வருஷமாக மாறிக்கொண்டிருக்கிறது. கலந்து செய்கிற காரியம் தாமதமாகும்தான். ஆனால் அது நம்முடைய காரியமாக இருக்கும். தவறு என்று தெரிந்தால் நாமே திருத்தலாம்.

இந்தக் குழுவில் தலைவரையும் சேர்த்து 13 பேர். அவர்களில் பெரும்பாலோரைப் பொறுக்கி எடுப்பது ஒரு நியமனக் குழு. அந்த நியமனக் குழுவில் வாக்குள்ள பத்துப் பேரை எப்படி எடுக்கிறார்கள்? சபையின் கூட்டங்களில் கலந்து வேலை செய்து, நான் வருகிறேன் என்று முன்வந்தவர்களின் பெயர்களை வரிசைப்படுத்தி, குலுக்கல் முறையில் எடுக்கிறார்கள். குலுக்கலில் சூது நடக்காமலிருக்க, லாட்டரி எண் போன்ற பகிரங்கமான எண்களை எடுத்துக்கொள்வோம் என்று முன்னாடியே அறிவித்துவிடுகிறார்கள். வீட்டில் உட்கார்ந்தபடி யாரும் கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம்.

உடனே நம் பழம்பெருமைக்காரர்கள் எழுந்து, "ஆகா! இது எங்கள் உத்திரமேரூர்க் குடவோலையல்லவா! ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே எங்களிடம் இருந்ததல்லவா!" என்பார்கள். உத்திரமேரூர் இங்கிருந்து அதிக தூரமில்லை. நீங்கள் எல்லோரும் போய்ப் பார்க்கலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919லும் 921லும் வெட்டப்பட்ட கல்வெட்டு அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. 30 குடும்புகளுக்கும் ஓலை எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு பிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னதெல்லாம் உண்மைதான். அந்த முறையை நான் குறை சொல்லவில்லை. கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்றது மிக நல்ல விதி. இன்றைக்குப் பல சங்கங்களுக்கு வேண்டிய விதி! ஆனால் யார் பெயரைக் குடத்தில் போட்டார்கள் என்று படியுங்கள். கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் இருக்க வேண்டும்; சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும்; வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும்; வேத மந்திரம் ஓதுவிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அது சதுர்வேதி மங்கலத்துப் பிராமண சபை. அந்த ஊர் வயலில் உழுதவனும், அந்தச் சுவருக்குக் கல் சுமந்தவனும், அந்தச் சபையார் உடுத்த துணியை நெய்தவனும் குடத்தின் பக்கம் போக முடியுமா? பெண்கள் பெயர் உண்டா? குடம் நல்ல குடம்தான்; அதற்குள்ளே நம் ஓலைதான் இல்லை!

தோழர்களே! எந்தச் சபையைப் பற்றியும் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். குலுக்குகிற முறை எவ்வளவு நேர்மை என்று கேட்பதற்கு முன்னால், குடத்திற்குள் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள்.

அதே கேள்வியை அந்த அய்.இ.டி.எஃப். சபையைப் பற்றியும் கேட்க வேண்டாமா? அவசியம் கேட்க வேண்டும். வெள்ளைக்காரன் செய்தால் எல்லாம் சரி என்பதும் ஒரு மூட பக்திதான். சந்தா இல்லை, கதவு திறந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் உலகத்தின் ஊர்களில் மாறி மாறி நடக்கும் கூட்டங்களுக்குக் கப்பலிலும் விமானத்திலும் போய்வரப் பணம் யாரிடம் இருக்கிறது? பெரிய பெரிய கம்பெனிகள் சம்பளம் கொடுத்து அனுப்புகிற ஆட்கள்தான் அங்கே ஏராளம். பேச்செல்லாம் இங்கிலீஷில். காகிதத்தில் சமத்துவம் இருந்தாலும் நாற்காலியில் இல்லை. அந்தக் கட்டுமானக் குழுவே 2020 ஆகஸ்டில், முடிவாக இன்டர்நெட்டைப் பயன்படுத்துகிற சாதாரண மனிதனுக்கும் மற்றவர்களுக்கும் நலன் முரண்பட்டால் அந்தச் சாதாரண மனிதன் பக்கமே விதி சாய வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதியது. எழுதினது நல்லதுதான். ஆனால் அந்தச் சாதாரண மனிதன் அங்கே போய் உட்காராமல், "உனக்காக நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பிறர் சொல்லுவதை மாத்திரம் நம்பிக்கொண்டிருந்தால், அதுவும் ஒரு வகைப் புரோகிதம்தானே!

நிற்க, வழிகாட்டுதலுக்கும் சாஸ்திரத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நான்கு கேள்வி சொல்லுகிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, காரணம் எழுதியிருக்கிறதா? இரண்டாவது, எழுதினவன் யார் என்று தெரிகிறதா, அவனைக் கேள்வி கேட்கலாமா? மூன்றாவது, நாளைக்குத் தவறு என்று கண்டால் மாற்ற வழி இருக்கிறதா? நான்காவது, அதன் பலனை அனுபவிக்கிறவர்களுக்கு அதில் பேச்சுரிமை இருக்கிறதா? நான்கிற்கும் "ஆம்" என்றால் அது வழிகாட்டுதல். "இல்லை" என்றால் எவ்வளவு நவீனமான யந்திரத்திற்குள் இருந்தாலும் அது சாஸ்திரம்தான்.

இன்டர்நெட்டின் கட்டுமானக் கொள்கைகளை 1996 ஜூனில் ஒரு குறிப்பாக எழுதினார்கள். அதில், என்றைக்கும் நிலைக்க வேண்டிய கொள்கை ஒன்று உண்டானால் அது மாறிக்கொண்டேயிருப்பது என்கிற கொள்கைதான் என்கிற கருத்தை வைத்தார்கள். "நான் அனாதி, மாறாதவன்" என்று சொல்லிக்கொள்ளும் சாஸ்திரங்களைக் கட்டிக்கொண்டு அழுகிற நாட்டில், "நான் மாறத்தக்கவன்" என்று தன்னைப் பற்றியே எழுதிக்கொண்ட ஒரு விதியைப் பாருங்கள்! அதே குறிப்பில் இன்னொரு கொள்கையும் உண்டு. அறிவு இரு முனைகளிலும் இருக்க வேண்டும். நடுவிலிருக்கும் கம்பி சுமந்துகொண்டு போவதோடு நிற்க வேண்டும் என்பது அது. இதைத்தானே நாம் வேறு விதமாகச் சொன்னோம்? மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவே, மனிதனுக்கும் அவன் அறிவுக்கும் நடுவே தரகன் எதற்கு என்று!

இனி நம் வீட்டு விஷயத்திற்கு வருகிறேன். இதில் நாம் ஏமாந்த கதையும் இருக்கிறது. நாம் ஜெயித்த கதையும் இருக்கிறது.

உலகத்து எழுத்துக்களுக்கெல்லாம் யந்திரத்தில் எண் கொடுக்கிற யூனிகோடு என்கிற ஏற்பாடு 1991இல் முதற் பதிப்பாக வந்தது. தமிழுக்கு எப்படி இடம் கொடுத்தார்கள்? இந்திய அரசின் மின்னணுத் துறையில் 1988இல் செய்துவைத்திருந்த ஒரு பட்டியலைப் பின்பற்றினார்கள். அந்தப் பட்டியல் இந்திய எழுத்துக்களையெல்லாம் ஒரே அச்சில் வார்த்தது. தேவநாகரியில் "க"வுக்கு நான்கு எழுத்து இருப்பதால், தமிழில் இல்லாத மூன்றுக்கும் வெற்றிடம் விட்டு வைத்தார்கள். "ன" என்கிற எழுத்து "ந"வுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. நம் அகர வரிசை குலைந்தது. அன்றியும், மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் என்று நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். இங்கேயோ "க" என்பதை மூலமாக வைத்து, அதன் மேல் புள்ளியைத் தனியாகச் சேர்த்தால் "க்" வருகிறது! "அம்மா" என்று மூன்றெழுத்து எழுதினால் யந்திரத்துக்குள்ளே அய்ந்து இடம் பிடிக்கிறது. ஆனால் 2008இல் "ஓம்" என்கிற குறிக்கு மாத்திரம் தமிழ்ப் பகுதியில் தனியாக ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். பெற்றவளுக்கு அய்ந்து, பிரணவத்துக்கு ஒன்று! யந்திரத்திற்குள்ளும் அர்ச்சனைத் தட்டு போய்விட்டது.

இது யாருடைய குற்றம்? சதி என்று கத்துவது சுலபம். உண்மை என்னவென்றால், பாவு ஓட்டுகிற நேரத்தில் நம் ஆட்கள் அங்கே போதுமான அளவு இல்லை. பிறகு விழித்துக்கொண்டார்கள். கணினியில் தமிழை ஏற்றப் பாடுபட்டவர்களில் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி, மலேசியா முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் முதலியவர்கள் பணியை மறக்கக் கூடாது. பல நாட்டுத் தமிழர்கள் தபாலிலேயே விவாதித்துத் தகுதரம் என்கிற குறிமுறையைத் தாங்களாகவே செய்தார்கள். 1999இல் சென்னையில் மாநாடு கூடித் தமிழ்நாட்டு அரசு ஒரு தரத்தை ஏற்றது. 2010 ஜூனில், யூனிகோடையும், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒவ்வோர் இடம் கொடுக்கும் 16 பிட் முறையையும் தரங்களாக அரசு அறிவித்தது. ஆனால் யூனிகோடில் ஒரு முறை கொடுத்த இடத்தை மாற்றுவதில்லை என்று உறுதி செய்திருக்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. மாற்றினால் அதற்கு முன் எழுதியதெல்லாம் பாழாகும். பாவு தறியில் ஏறின பிறகு அச்சை மாற்ற முடியுமா? நூல் ஏறுவதற்கு முன்னால் போய்ப் பேசியிருக்க வேண்டும்.

முன்னால் போய்ப் பேசினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2010இல் கிரந்த எழுத்துக்கு யூனிகோடில் இடம் கேட்டபோது, தமிழுக்கே உரிய எ, ஒ, ழ, ற, ன என்கிற அய்ந்தையும் அதில் சேர்க்க வேண்டும் என்று ஒரு யோசனை வந்தது. தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. அறிஞர்கள் காரணம் காட்டி எழுதினார்கள். அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி அவர்கள் அவசரப்படக் கூடாது என்று மத்திய அரசுக்கு எழுதினார். 2014 ஜூனில் கிரந்தம் தனியாக இடம் பெற்றது. அந்த அய்ந்தெழுத்தும் அதில் இல்லை. பாடல் பாடியோ, பால்குடம் எடுத்தோ இது நடக்கவில்லை. எழுதிய காரணத்தினால் நடந்தது.

இந்த விஷயத்தில் நமக்கு முன்னோடி யார்? நம் பெரியாரே. 1935இல் "குடி அரசு" பத்திரிகையில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தார். ணா, றா, னா போன்ற எழுத்துக்களுக்கும், ணை, லை, ளை, னை போன்றவற்றுக்கும் இருந்த கொம்பையும் சுழியையும் எடுத்துவிட்டு, மற்ற எழுத்துக்களைப் போலவே எழுதலாமே, பிள்ளைகளுக்கும் அச்சுக் கோப்பவருக்கும் பாரம் குறையுமே என்று காரணம் சொன்னார். சர்க்கார் உத்தரவுக்குக் காத்திருந்தாரா? பண்டிதர் சபையின் ஆசீர்வாதம் கேட்டாரா? தம் பத்திரிகையை அந்த எழுத்திலேயே அச்சடித்துக் காட்டினார். பார், படிக்க முடிகிறது, வேலை நடக்கிறது என்று காட்டினார். இன்டர்நெட் பொறியாளர்களும், எழுதி மாத்திரம் வைக்காதே, ஓட்டிக் காட்டு என்பதைத்தான் கொள்கையாகச் சொல்லுகிறார்கள். ஈரோட்டு அச்சுக்கூடத்தில் அது அவர்களுக்கு வெகு முன்னாலேயே நடந்துவிட்டது. 43 வருஷங்கள் கழித்து, 1978இல், எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதின்மூன்று எழுத்து மாற்றங்களை ஏற்று உத்தரவு போட்டது. இன்றைக்கு அவரைத் திட்டி எழுதுகிறவர்களும் அவர் எழுத்தில்தான் திட்டுகிறார்கள்!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். "ஐ"யை "அய்" என்றும், "ஔ"வை "அவ்" என்றும் எழுதலாம் என்று அவர் சொன்னதை அந்த உத்தரவு ஏற்கவில்லை. நாம் "அய்" என்றே எழுதிவருகிறோம். மற்றவர்கள் "ஐ" என்று எழுதுகிறார்கள். அதனால் அவர்கள் நரகத்துக்குப் போவார்கள் என்று நாம் சொல்லுகிறோமா? சொன்னதில் ஒரு பங்கை ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள், ஒரு பங்கை விட்டார்கள். அதுதான் வழிகாட்டுதலின் அழகு. நம் இயக்கத்துப் பெரியவர்கள் சொன்னதையும், நான் சொல்லுவதையும், அந்த நான்கு கேள்வியில் போட்டுச் சலித்துத்தான் எடுக்க வேண்டும். இல்லையேல் நாமும் ஒரு புது சாஸ்திரம் செய்தவர்களாகிவிடுவோம்.

இந்த ஊருக்கும் இந்த விஷயத்துக்கும் இன்னொரு சம்பந்தம் உண்டு. 1925 நவம்பரில் இதே காஞ்சிபுரத்தில் தமிழ் மாகாணக் காங்கிரஸ் மாநாடு கூடியது. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தைப் பெரியார் கொண்டுவந்தார். அது தோற்கடிக்கப்படவில்லை, தோழர்களே. விவாதத்திற்கு எடுத்துக்கொள்ளவே அனுமதி கிடைக்கவில்லை! அவர் வெளியேறினார். ஓட்டுப் போட்டுத் தோற்பது ஒன்று. பேசவே கூடாது என்று கதவைச் சாத்துவது வேறொன்று. மூன்று வருஷத்தில், 1928இல், எஸ். முத்தையா முதலியார் மந்திரியாக இருந்தபோது வகுப்புவாரி உத்தரவு அமலுக்கு வந்தது. சாத்திய கதவைத் தட்டுவதற்கு இந்த ஊரிலிருந்துதான் புறப்பட்டோம். இன்று ஒரு கதவு பாதியாவது திறந்திருக்கிறது. அதற்குள்ளே போக நாமே சோம்பினால் யாரை நோவது?

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது என்ன? உங்கள் பிள்ளைகளில் எத்தனையோ பேர் கம்ப்யூட்டர் படித்து ஒரகடத்திலும் சென்னையிலும் வேலை செய்கிறார்கள். பிறர் எழுதிய விதிப்படி வேலை செய்து சம்பளம் வாங்கி வருகிறார்கள், தவறில்லை. ஆனால் அந்த விதிகள் காசில்லாமல் படிக்கக் கிடைக்கின்றன என்று அவர்களிடம் சொல்லுங்கள். படிக்கச் சொல்லுங்கள். படித்ததைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். தவறு கண்டால் காரணத்தோடு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். யூனிகோடில் முழு வாக்கு அதிகப் பணம் கட்டும் உறுப்பினர்களுக்கே உண்டு. ஆனால் கருத்து எழுதி அனுப்ப யாருக்கும் தடையில்லை. அரசாங்கம் மந்திரிகளையும் அதிகாரிகளையும் மாநாடுகளுக்கு அனுப்புகிற செலவில் ஒரு பங்கை, ஏழை வீட்டிலிருந்து வந்த பொறியாளர்களையும் ஆசிரியர்களையும் இப்படிப்பட்ட சபைகளுக்கு அனுப்பச் செலவு செய்ய வேண்டும் என்று கேளுங்கள்.

அவ்வளவு தூரம் போவதற்கு முன்னால், இங்கேயே ஆரம்பியுங்கள். நாளைக்கு உங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் கூலிக் கணக்குக்கு ஒரு புது யந்திரம் வைக்கிறார்கள், சேலைக்கு ஒரு புது முத்திரை வைக்கிறார்கள், தறிக்கு ஒரு புது அளவு சொல்லுகிறார்கள் என்று வையுங்கள். "மேலிடத்து உத்தரவு" என்று சொன்னதும் கும்பிட்டுவிட்டு வராதீர்கள். காரணம் எங்கே எழுதியிருக்கிறது? எழுதினவர் யார்? தவறானால் மாற்ற வழி என்ன? நெய்கிற எங்களைக் கேட்டீர்களா? இந்த நான்கையும் மரியாதையாக, ஆனால் நிமிர்ந்து நின்று கேளுங்கள். இங்கே கேட்கப் பழகினவன்தான் உலகச் சபையிலும் போய்க் கேட்பான்.

இந்த ஊர்க் கோயில்களைக் கட்டிய கல் தச்சர்கள் மகா நிபுணர்கள். கயிலாசநாதர் கோயில் ஆயிரத்து முன்னூறு வருஷமாக நிற்கிறது. ஆனால் அளவு சொன்னது ஒருவன், கல் சுமந்தது ஒருவன், உள்ளே போனது வேறொருவன். இப்பொழுது கட்டப்படுவது கல் கோயில் அல்ல. உலகத்து மக்கள் எல்லோரும் குடியிருக்கிற ஒரு பெரிய வீடு. அதிலாவது அளவு சொல்லுகிற இடத்தில் நாமும் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

 நான் சொன்னதில் தவறு கண்டவர்கள் இங்கேயே எழுந்து கேளுங்கள். அதற்காகத்தான் பேச வந்தேன்.